நீல ஐஸில் கால் வைக்காதே

உறைந்த ஏரியில் துளைத்த ஓட்டையை என் சித்தி முதன்முதலில் பார்த்தது தாராவியில், தன் ஐஸ் கடையில் நின்றுகொண்டு, கைப்பேசித் திரையில். கனடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்த அவளுடைய ஒரே மகள், எனக்குத் தங்கை, வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை. நடுவில் ஒரு சோற்றுப் பானை வாயளவுக்கு வட்டமான ஓட்டை, அதற்குள் கறுப்பாகத் தண்ணீர். தங்கை அதற்குள் தூண்டில் நூலை விட்டுக் காட்டினாள். இன்னொரு அம்மாவாக இருந்தால் குளிர் தாங்குகிறதா, சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாள். சித்தி கரும்புச் சாறுக்காரருக்கு உடைத்துக்கொண்டிருந்த கட்டியை அப்படியே விட்டுவிட்டு, திரையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், "அது என்ன கனம் இருக்கும் பிள்ள?" என்று கேட்டாள். ஒரு சாணுக்கு மேல் என்றாள் மகள். அழைப்பு முடிந்த பிறகும் சித்தி வேலைக்குத் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "ஏய்யா, மேல இம்புட்டு பர்ஃப் கெடக்கு, கீழ மீனு எப்பிடி உசுரோட கெடக்கும்? நம்ம கிட்ட செத்த மீனுக்குத்தான ஐஸ் வாங்க வாராவ?" என்றாள். செம்பூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவனுக்கு ஏரி எப்படி உறையும் என்று எவன் சொல்லித் தந்தான்?

சித்தப்பா இறந்த பிறகு கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விடுவாள் என்றுதான் சொந்தக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். சித்தி பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே லாரிக்காரனுக்குப் போன் செய்து சரக்கு கேட்டாள். காலையில் ஃபேக்டரியிலிருந்து லாதிகள் வந்து இறங்கும். ஆள் உயரத்தில் பாதி நீளம் இருக்கும் ஐஸ் பாளங்களுக்கு பம்பாயில் அதுதான் பெயர். அவற்றை மரத்தூளில் புரட்டி, சாக்குப் போட்டு மூடி, கொக்கியால் இழுத்து அடுக்குவார்கள். உடைப்பது மட்டும் சித்தியின் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டாள். குத்தூசியால் குறுக்கே வரிசையாக நாலு பொட்டு வைப்பாள், ஐந்தாவது குத்தில் லாதி இரண்டாகப் பிரியும். மாஹிமிலிருந்து மீன்காரப் பெண்கள், மாதுங்காவிலிருந்து கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கள், வெயில் காலத்தில் சாறு வண்டிக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். சாவு விழுந்த வீட்டு ஆட்களும் வருவார்கள். அவர்களிடம் மட்டும் சித்தி பேரம் பேசமாட்டாள், அவர்களும் பேசமாட்டார்கள்.

பிறகு சாப்பிட ஆகாத ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கண்ட தண்ணீரில் செய்த ஐஸ் ஜூஸ் கிளாஸுக்குள் போய்விடக் கூடாதே என்பதற்காக வந்த நல்ல சட்டம்தான். வெள்ளை லாதி வாய்க்கு, நீல லாதி மீனுக்கும் பிணத்துக்கும். சித்தி இரண்டையும் கடையின் இரண்டு மூலைகளில் வைத்தாள். ஒன்றுக்குப் போட்ட சாக்கை மற்றதற்குப் போடமாட்டாள். அவளுக்கு வந்த நீலச் சரக்கு பெரும்பாலும் மட்டம். கொக்கி போட்டால் ஓரம் உதிரும். நீலம் என்றாலே முகத்தைச் சுளிப்பது அவளுக்குப் பழகிப்போனது. ஒரு நாள் விளையாட்டாக, "சித்தி, எனக்கு அந்த நீலத்துல ஒரு துண்டு குடுங்க, கலர் நல்லாருக்கு" என்றேன். அதற்கு அவள் பார்த்த பார்வையை இன்னொரு முறை வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

தங்கை சின்ன வயதில் அந்தக் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போவாள். மாதுங்காவில் நல்ல பள்ளி. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் அம்மா பிசினஸ் பண்ணுகிறாள் என்று சொல்லியிருந்தாளே தவிர, என்ன பிசினஸ் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அது சித்திக்கும் தெரியும். "ஏன் பிள்ள, ஐஸ் விக்கிறது அம்புட்டு அசிங்கமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டதை நான் கேட்டிருக்கிறேன். மற்றபடி அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஓடியது ஒரே வழக்குதான். அவள் சொன்னால் இவள் கேட்கமாட்டாள். தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னால் கேட்கமாட்டாள், பி.காம். படிக்கச் சொன்னால் கேட்கமாட்டாள், டோம்பிவிலியில் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டச் சொன்னால் கேட்கமாட்டாள், கடைசியில் கனடாவுக்குப் போகாதே என்றால் அதையும் கேட்கவில்லை. ஏர்போர்ட்டில் மகளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பும்போது டாக்ஸியில் சித்தி அழவில்லை. "என் பேச்ச என்னைக்குக் கேட்டா" என்று மட்டும் சொன்னாள். போய் வா என்று வாயைத் திறந்து மகளிடம் அவள் சொல்லவேயில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த ஓட்டையைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரு புது உத்தியோகம் வந்து சேர்ந்தது. மகள் இருந்த ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் ஆறுகளிலும் ஐஸ் எப்படி இருக்கிறது, எங்கே நடக்கலாம், எங்கே கூடாது, என்ன மீன் கடிக்கிறது என்று அந்தப் பகுதிக்காரர்கள் வாரா வாரம் இணையத்தில் எழுதுவார்கள். தங்கைதான் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டு அண்ணா, பயப்படாமல் இருப்பாள் என்றாள். சித்தி தமிழ் சரளமாக வாசிப்பாள், ஆங்கிலம் வராது. சனிக்கிழமை சாயங்காலம் நான் கடைக்குப் போனதும் எனக்கு ஒரு டீ வரும், பின்னாலேயே, "இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?" என்ற கேள்வியும் வரும். வாசித்து வாசித்து எனக்கே அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. தண்ணீர் மேலேதான் உறையும், அடியில் உறையாது, அதனால்தான் மீன் பிழைக்கிறது என்று கண்டுபிடித்து வந்து சொன்ன அன்று சித்தி என்னை ஒரு பெரிய மனுஷனாகப் பார்த்தாள். பனி மேலே விழுந்தால் ஐஸ் கெட்டியாகாது, அது கம்பளி போர்த்தின மாதிரி குளிரைத் தடுத்துவிடும் என்று படித்தபோது, "நம்ம சாக்கு போடுதோமே, அதேதான்" என்றாள். அவளுக்கு அந்த ஏரி தன் கடையின் ஒரு பெரிய கிளை.

தங்கைக்கு அது இரண்டாவது குளிர்காலம். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிறவர்களோடு போவாள், அவர்கள் நின்ற இடத்தில் நிற்பாள். ஐஸின் நிறத்தைப் பற்றி அவளும் யோசித்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, நான் இல்லாத நேரத்தில், மறுநாள் ஒரு புது ஏரிக்குப் போவதாகச் சொல்லி, அந்த ஏரியில் யாரோ எடுத்த படத்தை அம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். ஒருவருடைய பூட்ஸுக்குக் கீழே ஐஸ் கண்ணாடி மாதிரி நீலமாகத் தெரிந்திருக்கிறது. சித்தியின் கண்ணுக்கு அது பிணத்துக்குப் போடுகிற சரக்கு. "நீலமா இருந்தா கால வைக்காத பிள்ள. வெள்ளையாப் பாத்து நில்லு, என்ன?" என்று சொல்லியிருக்கிறாள். மகளும் சரி என்றிருக்கிறாள். அவள் சரி என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்கு நடப்பது வழக்கமானதால் அந்தச் சரிக்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை.

மறுநாள் சாயங்காலம் நான் டீயை வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். அந்த வாரம் அந்த ஏரியைப் பற்றியே எழுதியிருந்தார்கள். கரைப் பக்கம் தெளிந்த நீல ஐஸ், நல்ல உறுதி. ஆறு வந்து ஏரியில் விழும் இடத்தில் மட்டும் வெள்ளை ஐஸ், அடியில் நீரோட்டம், அங்கே யாரும் போக வேண்டாம். நீலத்தின் பலத்தில் பாதிதான் வெள்ளைக்கு உண்டு என்று புதிதாக வருகிறவர்களுக்காகத் தனியாக ஒரு வரி. நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். சித்தி, "திருப்பி வாசி" என்றாள். திருப்பி வாசித்தேன். "நான் அவகிட்ட மாத்திச் சொல்லிட்டேனே" என்றாள். என்ன சொன்னாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் மணியைப் பார்த்தேன். நமக்குச் சாயங்காலம் என்றால் அங்கே விடியற்காலை. மீன் பிடிக்கிறவர்கள் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். கூடப் போகிறவர்களில் ஒருவருடைய நம்பரும் எங்களிடம் இல்லை.

"அவ எங்க நான் சொன்னதக் கேக்கப் போறா" என்றாள் சித்தி. கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னாள். வாழ்நாள் முழுக்கக் குறையாகச் சொன்ன வார்த்தையை அன்று அவள் வேண்டுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாறுக்காரர் வந்து நின்றார். சித்தி எழுந்து, சாயமில்லாத ஒரு லாதியைச் சாக்கை விலக்கி இழுத்துப் போட்டாள். அதன் ஓரமெல்லாம் தெளிவு, நடு மட்டும் பால் மாதிரி வெள்ளை, எல்லா லாதியும் அப்படித்தான் இருக்கும். தெளிந்த ஓரத்தில் குத்தினாள், ஒரு சில்லுத்தான் தெறித்தது. நடு வெள்ளையில் குத்தினாள், ஊசி பாதிக்கு இறங்கியது. இத்தனை காலமும் அவள் பொட்டு வைத்துப் பிளந்தது அந்த வெள்ளை நடுவைப் பார்த்துத்தான். சாறுக்காரர் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "க்யா ஹுவா பெஹன்ஜி?" என்று கேட்டார். சித்தி கட்டியை அவர் வாளியில் போட்டாள். "என் கைக்குத் தெரிஞ்சிருக்குய்யா. அந்தக் கலரப் பாத்துல்லா மதி மறைஞ்சிட்டு" என்றாள் என்னிடம். அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், அவ்வளவுதான்.

கடை மூடும் நேரத்துக்குப் போன் அடித்தது. தங்கைதான். காருக்குத் திரும்பிவிட்டதாகவும், இப்போதுதான் சிக்னல் கிடைத்ததாகவும் சொன்னாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது, ஆனால் அது நிலையாக இல்லை. "அம்மா, எல்லாரும் நீலத்துல நின்னாங்க. நீ சொன்னியேன்னு நான் மட்டும் வெள்ளையைத் தேடிட்டு ஆத்துப் பக்கம் போனேன். என்னாச்சுன்னு கூப்பிட்டாங்க. எங்க அம்மா ஐஸ் விக்கிறவங்க, பெரிய கடை, அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்னு சொல்லிட்டுப் போனேன்." நல்லவேளையாகக் கையில் கடப்பாரை வைத்திருந்தாள். அங்கே ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கடப்பாரையால் குத்திப் பார்த்துத்தான் நடப்பார்களாம். வெள்ளையில் முதல் குத்திலேயே அது உள்ளே போய்விட்டது, தண்ணீர் பொங்கி வந்தது. அப்படியே பின்னோக்கி நடந்து வந்திருக்கிறாள். "சும்மா பூட்ஸ் நனைஞ்சது, வேற ஒண்ணும் இல்ல. நீ டென்ஷன் ஆகாத" என்றாள்.

ஒரே மகள் முதன்முறையாக அம்மாவின் பேச்சைக் கேட்டிருக்கிறாள், முதன்முறையாக அம்மாவின் தொழிலை நாலு பேரிடம் வாய் நிறையச் சொல்லியிருக்கிறாள், அதனாலேயே சாகப் பார்த்திருக்கிறாள். இதில் எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு அழுவது? சித்தி இரண்டையும் சேர்த்தே செய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் சொன்னது இதுதான்: "அந்த ஊரு ஐஸ் எனக்குத் தெரியாது பிள்ள. இனிமே நீ சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன்."

அதற்குப் பிறகும் நான் சனிக்கிழமைகளில் வாசித்தேன். ஆனால் சித்தி மகளுக்கு ஒன்றும் சொல்லியனுப்புவதை விட்டுவிட்டாள். மாறாகக் கேள்வி கேட்டாள். ஐஸ் ராத்திரியில் சத்தம் போடும் என்கிறார்களே, என்ன மாதிரிச் சத்தம்? வசந்தத்தில் முதலில் எந்தப் பக்கம் விரிசல் விடும்? மகள் அங்கே போய்விட்டாள் என்ற பேச்சுப் போய், மகள் அங்கே இருக்கிறாள் என்ற பேச்சு வீட்டுக்குள் எப்போது வந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

போன குளிர்காலத்தில் கடையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு சித்தி கனடாவுக்குப் போனாள். நான் உடைக்கும் லாதி நாலு பக்கமும் சிதறும், சாறுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். ஒரு நாள் தங்கை போன் செய்தாள். அம்மாவை ஏரிக்குக் கூட்டிப்போனதாகச் சொன்னாள். சித்தி கரையில் நெடுநேரம் நின்றிருக்கிறாள். குனிந்து கையுறையைக் கழற்றிவிட்டு ஐஸைத் தடவிப் பார்த்திருக்கிறாள். கடப்பாரையை வாங்கித் தானே இரண்டு குத்து குத்தியிருக்கிறாள். முன்னால் பரந்து கிடந்ததெல்லாம் நீலம். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கன கால வைக்கட்டும்?" என்று கேட்டாளாம். பிறந்ததிலிருந்து அம்மா தன்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்றாள் தங்கை. தன் பூட்ஸுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினாளாம். சித்தி அங்கேயே கால் வைத்தாளாம்.