நான்காம் அத்தியாயம் வரை

எங்கள் மென்பொருள் இலவசம். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். தவறு நேர்ந்தால் யார் சட்டையையும் பிடிக்க முடியாது. இந்தக் கடைசி வசதிக்காகத்தான் நான் அதை உருவாக்கும் குழுவில் சேர்ந்தேன் என்பது என் மனைவியின் கட்சி. தஞ்சாவூர் வீட்டில் உட்கார்ந்தபடி அதன் இணையதளத்தில் 'படிக்க வேண்டிய புத்தகங்கள்' பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நிரல் எழுத வராதவர்களுக்குத் தரப்படும் கௌரவப் பதவி.

அங்கே ஒரே விதிதான். புத்தகத்தைச் சேர்ப்பவர், அது மென்பொருளின் எந்தப் பதிப்புக்குப் பொருந்தும் என்று சோதித்து எழுத வேண்டும். தடித்த புத்தகம் ஒன்றுக்கு 'எல்லாப் பதிப்புகளுக்கும்' என்று எழுதியிருந்தேன். நான்கு அத்தியாயம் படித்திருந்தேன். நடை நன்றாக இருந்தது.

அன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறேன், பக்கத்தின் அடியில் ஒரு புகார். அந்தத் தடித்த புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயம் சொல்கிறபடி தரவை நகலெடுத்தால் புதிய பதிப்பில் காலிக் கோப்புதான் வருகிறது, பிழை என்று எதுவும் காட்டுவதில்லை. அடுத்து செய்யச் சொல்லிப் புத்தகம் சொல்வது: பழைய தரவை அழி.

ரசம் சாதத்தை அப்படியே விட்டுவிட்டுக் கைபேசியைத் தேடினேன். வலங்கைமான் பக்கம் ஓர் உழவர் குழுவின் கணினியைக் கவனிக்கும் பெண்மணி காலையில்தான் பேசியிருந்தார். "புதுப் பதிப்பு ஏத்திட்டேன் சார். மதியமே தரவை மாத்திடறேன். நீங்க சொன்ன புக்கு கையிலயே இருக்கு." அறுவடை மெஷின் யார் வயலுக்கு எப்போது என்ற முறைப் பட்டியல் அந்த ஒரு கணினியில்தான் இருந்தது. வெளியே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. பட்டியல் போனால், முற்றிய கதிரோடு நிற்கும் ஒவ்வொருவரும் தன் முறைதான் முதல் என்பார்.

அழைத்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அதே.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஒன்பதாம் அத்தியாயம்."

"படிச்சீங்களா?"

"இல்ல. அதான் பிரச்சினையே."

மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் நாலைந்து பேர் சத்தம். "சொல்லுங்க சார். இங்க எல்லாரும் தலைமேல நிக்கிறாங்க."

"மேடம், பழைய தரவ அழிச்சிட்டீங்களா?"

"இருங்க." யாரையோ அதட்டினார்: "மாமா, கொஞ்சம் சும்மா இருங்க, உங்க பேர நான் தின்னுடல!" பிறகு என்னிடம், "அழிக்கல சார். நகலைத் திறந்து பாத்துட்டுத்தான் அழிக்கணும்னு ஆறாம் அத்தியாயத்துலயே கட்டம் கட்டிப் போட்டிருக்காரே. திறந்தேன், ஒண்ணுமே இல்ல. அதான் யோசிச்சிட்டு நிக்கிறேன். நீங்க பாத்ததில்லையா?"

புகார்காரர் தன் புகாரின் கடைசியில் கொடுத்திருந்த புதிய கட்டளையை எழுத்து எழுத்தாக வாசித்தேன். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் ஓசை. அப்புறம் அதுவும் நின்றது.

"வந்துடுச்சு சார். எல்லார் பேரும் இருக்கு. மாமா, நீங்க ஏழாவது, போய் உக்காருங்க."

சோறு ஆறிப்போயிருந்தது. 'எல்லாப் பதிப்புகளுக்கும்' என்பதை நீக்கிவிட்டு எழுதினேன்: 'புதிய பதிப்புக்கு ஒன்பதாம் அத்தியாயம் பொருந்தாது. பட்டியலிட்டவர் படித்தது நான்கு அத்தியாயம்.' பிறகு ஐந்தாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். நடை அவ்வளவு நன்றாக இல்லை.