ஒற்றை எஞ்சினில் திரும்பிய விமானம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள். நான் வளைகுடாவில் டிரைவராக இருந்தேன். விடிந்தும் விடியாமலும் தங்கச்சி போன் பண்ணினாள், அம்மா போய்விட்டாள் என்று. நான் ஒரே மகன். முதலாளி கையில் காலில் விழுந்து, அன்று மத்தியானமே சென்னை விமானத்தில் ஏறிவிட்டேன்.

மேலே போன கொஞ்ச நேரத்தில் டமார் என்று ஒரு சத்தம். விமானமே உதறியது. ஒரு எஞ்சின் நின்றுவிட்டது, திரும்பிப் போகிறோம் என்று அறிவித்தார்கள். ஆளாளுக்குச் சாமியைக் கூப்பிட்டார்கள். பக்கத்து சீட்டில் ஒரு வேலூர்க்காரர், விமானப் பராமரிப்பு வேலை பார்ப்பவராம். அவர் மட்டும் பதறவில்லை.

"எஞ்சினுக்கு உள்ள இருக்கற சக்கரம் அளவுக்கு மீறி சுத்தியிருக்கும்னு நெனைக்கிறேன். அது வெடிக்கறதுக்குள்ள எரிபொருளை எஞ்சினே நிறுத்திடும். சக்கரத்துல இருக்கற பிளேடு பிச்சிக்கினாலும் வெளிக்கூடு தாங்கிக்கும். கெட்டாலும் ஆளைக் கொல்லாம கெடணும்னுதான் செஞ்சிருக்காங்க. இறங்க இன்னொரு எஞ்சின் போதுங்க" என்றார்.

அவர் சொன்னபடியே பத்திரமாக இறங்கினோம். கைதட்டினார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாழாய்ப்போன சக்கரம் சென்னை வரைக்கும் ஒழுங்காகச் சுற்றித் தொலைத்திருக்கக் கூடாதா? அடுத்த விமானம் மறுநாள் காலையில்தான் என்றார்கள்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. பௌர்ணமியன்று மத்தியானத்துக்கு மேல் வண்டி எதுவும் நுழைய முடியாது. ஐஸ் பெட்டியில் இன்னும் ஒரு நாள் வையுங்கள் என்று போனில் கெஞ்சினேன். தங்கச்சியிடமிருந்து பெரியப்பா போனை வாங்கினார்.

"மலை சுத்தற ஜனம் போற வழியில வச்சிக்கினு இருக்க முடியாதுப்பா. காலையிலயே எடுத்துடறோம். நீ உசுரோட வந்து சேரு."

மறுநாள் சாயங்காலம் ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். நானும் மலை சுற்ற வந்தவன் என்று நினைத்து, யாரோ ஒரு தொன்னை பொங்கலைக் கையில் திணித்தார். அதையும் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெரியப்பா மகன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். தங்கச்சி என் முகத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்து, "அம்மாதாண்ணா உன்னக் காப்பாத்திச்சி" என்று அழுதாள்.

அந்த எஞ்சினைச் செய்தவர்கள் நன்றாக இருக்கட்டும், என் பிள்ளைகளுக்கு அப்பன் மிஞ்சினான். ஆனால் பெற்றவளுக்குக் கொள்ளி வைக்காத கை இது. இந்தக் கையால்தான் இன்னும் மூன்று வேளையும் சோறு அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.