நகராத இரண்டு இன்ஜின்களின் பந்தயம்

என்னை மேலே படிக்க வைப்பதா வேண்டாமா என்பதை ஒரு நீல இன்ஜினும் ஒரு சிவப்பு இன்ஜினும் பந்தயம் ஓடித்தான் முடிவு செய்தன. இரண்டும் நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்பது வேறு விஷயம்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. ஹனூரிலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த அப்பாவும், அம்மாவின் தம்பியான என் மாமாவும் பெயிண்டர்கள். அம்மா ஊதுபத்திக் கம்பெனியில் பாக்கெட் போடுவாள். இனி நானும் அவளோடு போகட்டும், படித்தது போதும் என்று ஊர்த் திருவிழாவில் உறவினர் அத்தனை பேர் முன்னாலும் மாமா சொல்லிவிட்டார். எங்களில் பெண்பிள்ளை விஷயத்தில் தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான். அவரே நினைத்தாலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, அது மானக்கேடு. அப்பாவுக்கோ என்னை ஹைஸ்கூலில் சேர்த்தே ஆகவேண்டும். இதெல்லாம் அம்மா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று தெரியாதவள் நான் ஒருத்திதான்.

அந்தக் கோடை விடுமுறையில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் வினோதமான வேலை கிடைத்தது. ரயில் நிலையம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரண்டு பழைய நீராவி இன்ஜின்கள் துருப்பிடித்து நின்றன. அவற்றைச் சுரண்டி, அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குச் சிவப்பு அடிக்க வேண்டும். அப்பா நீலம், மாமா சிவப்பு. மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. கூடவே பள்ளி நூலகத்திலிருந்து எடுத்த ஒரு கன்னடப் புத்தகமும் போகும். அதைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, இருவரும் சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

என்ன கதை அது! இங்கிலாந்தில் இரண்டு ரயில் கம்பெனிகள். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ஒன்று கிழக்குக் கரையோரமாகவும் மற்றது மேற்குக் கரையோரமாகவும் வண்டி விட்டன. எது வேகம் என்று பல வருஷம் போட்டி. மேற்குக் கம்பெனியின் வண்டி ஸ்டேஷனுக்குள் பாய்ந்து வந்த வேகத்தில் பயணிகள் சாப்பிடும் பெட்டியில் பீங்கான் தட்டுகள் நொறுங்கின. கிழக்குக் கம்பெனியின் நீல இன்ஜின் ஓர் இறக்கத்தில் பறந்து உலக சாதனையே செய்துவிட்டது. ஆனால் பேரிங் சூடேறிக் கெட்டு, பாதி வழியில் நின்றது.

"எறக்கத்துல உருட்டி உட்டா எருமைகூடத்தான் ஓடும் மச்சா," என்றார் மாமா.

"உங்காளு மட்டும்? சோறு திங்கறவன் மடியில கொழம்ப ஊத்துன கம்பெனிதான மாப்ளே?"

இப்படியே மூன்று நாள். இருவரும் ஏதோ அந்தக் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்தது போல. நாலாம் நாள் அப்பா சொன்னார்: "சனிக்கிழமை காலையில வேலையப் பாக்க ஆபீசர் வர்றாரு. அதுக்குள்ள எவன் இன்ஜின் முடியுதோ, அவன் நெனச்சது நடக்கட்டும். சரியா மாப்ளே?"

மாமா கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். "சரிங் மச்சா."

"என்னப்பா நடக்கணும்?" என்றேன்.

"நீ கதையப் படி."

நான் முழுக்க முழுக்கச் சிவப்புக் கட்சி. சிவப்பு இன்ஜினின் பக்கவாட்டில் எழுத்துகள் புடைத்து நிற்கும் இரும்புத் தகடு ஒன்று இருந்தது. தினமும் வேலை தொடங்குமுன் மாமா அதைத் துணியால் துடைத்து, "படி அம்முணி," என்பார். எழுத்துக் கூட்டி இங்கிலீஷில் படிப்பேன். நேற்றுப் படித்ததுதானே என்றால், "இன்னொருக்கா படி," என்பார். எனக்குப் பெருமை தாங்காது. அப்படிப்பட்ட மாமா தோற்கலாமா? சக்கரங்களுக்கு நடுவே ஓடி ஓடி டப்பா எடுத்துக் கொடுத்தேன். அப்பா பக்கம் திரும்பி, "உங்க வண்டி சிக்னல்ல நிக்குது!" என்று கத்துவேன். மேஸ்திரி தன் பங்குக்கு, "பேக பேக மாட்ரப்பா!" என்று கன்னடத்தில் இருவரையும் சீக்கிரம் முடிக்கச் சொல்லி விரட்டுவார்.

வியாழக்கிழமை இரண்டு இன்ஜின்களுக்கும் பிரைமர் ஏறியது. சாயங்காலம் மழை கொட்டியது. வெள்ளி மதியம் மாமா சிவப்பு டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷோடு நின்றுகொண்டு கேட்டார்: "காஞ்சிருச்சா, தொட்டுப் பாத்துச் சொல்லு அம்முணி."

தொட்டேன். சுட்டது. விரலில் ஒட்டவில்லை. "காஞ்சிருச்சு மாமா! அடிங்க!"

சாயங்காலத்துக்குள் சிவப்பு தகதகத்தது. அப்பா மட்டும் தன் இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும்போதுதான் நீலத்தைத் தொட்டார். ஜெயித்தாகிவிட்டது என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சனிக்கிழமை காலை ஓடிப்போய்ப் பார்த்தால், அப்பா ராத்திரி விளக்கு வைத்து நீலத்தை முடித்திருந்தார். சிவப்பு இன்ஜினின் நிழல் பக்கம் முழுவதும் ஆறிய பாலின் ஆடை போலச் சுருங்கிக் கிடந்தது. உள்ளே பிரைமர் காயவே இல்லை. மேஸ்திரி தலையில் கை வைத்தார். அதையெல்லாம் சுரண்டிவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். வந்த ஆபீசர் நீலத்தைச் சுற்றி வந்து பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நான் சக்கரத்தில் சாய்ந்து விம்மி விம்மி அழுதேன். என்னால்தானே மாமா தோற்றார்!

"அட, அழுவாத அம்முணி. சுரண்டிப்போட்டு அடிச்சாப் போச்சு," என்றார் மாமா. பிறகு அங்கிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "பந்தயத்துல தோத்துட்டனுங் மச்சா. இனி நீங்க நெனச்சதுதான்," என்றார். ஊருக்கும் ஆள் ஆளாகப் போன் போட்டு அதையே சொன்னார். தோற்றவர் ஏன் இத்தனை பேருக்குச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஜூனில் புதுச் சீருடையில் எட்டாம் வகுப்புக்குப் போன நாளும் மாமாவை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

இப்போது மைசூரிலேயே ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறேன். என் சம்பளத்தில் வீட்டுக்குப் புது ஜன்னல் போட்டோம். கம்பிக்குப் பிரைமர் அடித்த மாமா, காய்ந்ததா என்று நாலு இடத்தில் விரல் வைத்தார். அப்பா தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று சொன்னதை நம்பாமல் ஐந்தாவதாகவும் ஓரிடத்தில் வைத்தார்.

"அன்னைக்கு மட்டும் ஏன் மாமா என்னத் தொட்டுப் பாக்கச் சொன்னீங்க?"

"அன்னைக்குப் பெயிண்டு சரியில்ல அம்முணி," என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் தொட்டது வெயில் பக்கத்தை. அதை அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.