வாசிகசாலைச் சுவரில் அருவி வெட்டு

கலியாணமான புதிதில் நானும் அவரும் சண்டை பிடித்ததெல்லாம் ஓவியத்தைப் பற்றித்தான். இருவரும் பரந்தனுக்குப் பக்கத்தில், குடியேற்றத்திட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்தோம். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நாட்டுக்கென்று ஓர் ஓவியப் பாணி வேண்டும் என்று, கொழும்பில் எங்களோடு படித்தவர்கள் கடிதத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். அந்தப் பாணி பழைய குகைச் சுவர்களிலும் கோயில் சுவர்களிலும் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. புதிய நாட்டுக்குப் புதிய கோடு வேண்டும் என்பது என்னுடையது. சோறு ஆறும்வரை வாதாடுவோம்.

அந்த மாசியில் ஊர் வாசிகசாலைக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. உள்சுவரில் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடைக் காட்சி ஒன்று வரைந்து தரும்படி எங்களைக் கேட்டார்கள். யாருடைய பாணியில் என்று முடிவாகாததால் சுவரை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். இடப்பக்கத்தில் அவருடைய பெண்கள் நீண்ட கண்களும் வளைந்த இடையுமாக நெல் அறுத்தார்கள். வலப்பக்கத்தில் என்னுடையவர்கள் முக்கோணமும் சதுரமுமாக நின்றார்கள்.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்தார். தென்மராட்சியிலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கிய குடும்பம்.

“வடிவாத்தான் இருக்கு, தம்பி,” என்றார் என் கணவரிடம். “ஆனா இவையள் வெட்ட வந்த ஆக்கள் மாதிரி இல்லை. கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரிக் கிடக்கு.”

நான் சிரித்தேன். அக்கா திரும்பி, நான் வரைந்த பெண் ஒருத்தியைக் காட்டினார்.

“இவவுக்கு என்ன வருத்தம், பிள்ளை? முழங்கால் மடங்காதோ?”

இப்போது என் கணவர் சிரித்தார்.

“நாளைக்கு எங்கட வயலிலை வெட்டு. வந்து பாருங்கோ,” என்றார் அக்கா.

மறுநாள் சனிக்கிழமை. சித்திரக் கொப்பிகளோடு வரம்பில் போய் நின்றோம். அக்கா பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு இரண்டு அரிவாள்களைக் கொண்டுவந்து நீட்டினார்.

“நிண்டு பாத்தால் தெரியாது. வெட்டிப் பாருங்கோ.”

வெட்டினோம். வெட்டுக்கு வந்த பெண்கள் நாலு பிடி வெட்டும் நேரத்தில் என் கணவர் ஒரு பிடி வெட்டினார். எனக்குத் தொடை நடுங்கியது. பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, இடக்கை நெல்தாளைப் பிடிக்கையில் தோள் எவ்வளவு சரிகிறது என்பதெல்லாம் அன்றுதான் என் உடம்புக்கே தெரிந்தது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கும்போது அவர் மெல்லக் கேட்டார்.

“சுவருக்கு வெள்ளை அடிப்பமே?”

“ஓம். ரெண்டு பக்கமும்,” என்றேன்.

இம்முறை சுவரைப் பிரிக்கவில்லை. முதுகின் கோட்டை அவர் இழுத்துவர, முழங்காலில் நான் அதை மடக்கினேன். வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டே வரைந்தோம். ஒரு தடவைகூடச் சண்டை வரவில்லை. படம் முடிந்ததும் வெட்டுக்கு வந்த பெண்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

“உது நான்.”

“உன்ர முதுகு எப்ப உப்பிடி வளைஞ்சது? அது நான்தான்.”

திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர், “இது எந்தப் பாணி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வருடக்கணக்காகப் பதில் வைத்திருந்த என் கணவர் என்னைப் பார்த்தார்.

“இன்னும் பேர் வைக்கேல்லை,” என்றேன்.

உத்தியோகத்தர் தலையாட்டி அதைக் குறித்துக்கொண்டார். அதற்குள் அக்கா அவரைச் சுவரருகே கூட்டிப்போய், எந்த முதுகு தன்னுடையது என்று காட்டத் தொடங்கியிருந்தார்.