மிஸ் யூடோக்ஸிக்கு வந்த நோய்

ஆன்ஸ் மாரோ கத்தோலிக்கப் பங்கின் ஆரம்பப் பள்ளிக்கு நூறு வயது ஆனபோது, அதன் வரலாற்றை எழுதித் தரும்படி யூடோக்ஸி ஃபெலிசியனைக் கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்தவர், எதையும் மறக்காதவர். மறக்காத ஆளிடம் வரலாற்றை ஒப்படைப்பது ஆபத்து என்று விழாக் குழுவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதல் ஐம்பது வருஷத்தை நாலே நாளில் எழுதிவிட்டார். புயல் கூரைத் தகரத்தைக் கொண்டுபோனது, வீட்டு மொழியான க்ரியோலைப் பள்ளியில் பேசிய பிள்ளைகளை முட்டி போட வைத்தது எல்லாம் வந்துவிட்டன. முட்டி போடச் சொன்னதே க்ரியோலில்தான் என்பதையும் விடவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திநாலில் பேனா நின்றது. அதன்பின் அவரால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. மூன்று வார்த்தை எழுதுவார், எழுந்து போய் ஈரப்பலாவை அடுப்பில் திருப்பிவிடுவார், வாசல் கதவைத் திறப்பார், மூடுவார், திரும்பி வந்து அந்த மூன்று வார்த்தையையும் அடிப்பார்.

அந்த வருஷம் மே மாதம் அவரைப் பள்ளியிலிருந்து அனுப்பினார்கள். வயது இருபத்திமூன்று, கல்யாணம் ஆகவில்லை, வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. பங்குத்தந்தை கெர்வெல்தான் பள்ளிக்கு மேலாளர். கோபக்காரர் இல்லை; அழுதுகொண்டேதான் அனுப்பினார் என்கிறார்கள். ஆனால் பள்ளியின் நாள்புத்தகத்தில் அதைப் பதிய வேண்டுமே? ஊரிலேயே அழகான கையெழுத்து யூடோக்ஸியுடையது. தினமும் அதை எழுதுகிறவரும் அவர்தான். ஆகவே ஃபாதர் சொல்லச் சொல்ல அவரே எழுதினார்: ‘மிஸ் ஃபெலிசியன் உடல்நலக் குறைவால் தன் விருப்பப்படி விலகினார்.’ ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

செப்டம்பரில் மகள் பிறந்தாள். கல்யாணமாகாதவர்களின் பிள்ளைகளுக்கு அப்போது ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் கிடையாது, வாரநாளில்தான். வெர்லிண்டா புதன்கிழமை கிறிஸ்தவள். ஒன்பது வருஷம் கழித்து வேறொரு பங்குத்தந்தை தாயைத் திரும்ப வேலைக்குச் சேர்த்தார். இன்று அந்தப் பள்ளிக்கு வெர்லிண்டாதான் தலைமையாசிரியை.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் பள்ளி விட்டதும் நேராகத் தாய் வீட்டுக்கு வந்தாள்.

“மம்மா, வரலாறு வெள்ளிக்கிழமை காஸ்ட்ரீஸ் அச்சாபீசுக்குப் போகணும். எழுபத்திநாலோட பள்ளிக்கூடத்த இழுத்து மூடிட்டாங்களா என்ன?”

“என்னைத் துரத்தினத எழுதணும். எழுத வரமாட்டேங்குது.”

“எழுதாதயேன். ஆயர் வர்றாரு. அவரு முன்னாடி போய் நான் வாசிக்கவா?”

“ஆயருக்குப் புள்ள எப்படிப் பொறக்குதுன்னு தெரியாதா?”

“நாள்புத்தகத்துல வேற மாதிரி இருக்கே. நாளைக்கு எவனாவது எடுத்துக் காட்டினா? உன் கையெழுத்து மம்மா அது!”

“அதான்டி! பொய்ய நானே எழுதிக் குடுத்திருக்கேன். செத்தப்புறம் அதுதான் சாட்சி. அத மாத்தி எழுத எனக்கு இந்த ஒரு புத்தகம்தான் இருக்கு.”

வெர்லிண்டா பையிலிருந்து பழைய நாள்புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டாள். தாயை மடக்கத்தான் கொண்டுவந்திருந்தாள். அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்துக் கீழே விரலை ஓட்டினாள். அடுத்த நாள் பதிவு வேறொருவரின் கோழிக்கிறுக்கல். சத்தமாக வாசித்தாள்: “‘மிஸ் ஃபெலிசியனின் நோய் நீங்க, சின்ன வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரும் நவநாள் ஜெபம் தொடங்கினர்.’”

விரல் நின்றது.

“மம்மா. அந்த நோய் நான்தானே?”

“வேற யாரு?”

“நாப்பத்தொரு பிள்ளைங்க ஒம்பது நாள் முட்டி போட்டு, நான் இல்லாமப் போகணும்னு வேண்டியிருக்காங்க!”

“பாவம், அதுங்களுக்கு என்ன தெரியும்? காலையில குடிக்க ஒரு சாக்லெட் டீ கூடக் கிடையாது, வெறும் வயித்தோட வேண்டிச்சுங்க.”

வெர்லிண்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். புத்தகத்தை மூடவில்லை. ஐம்பது வயதில், தான் ஒரு பதிவேட்டில் இப்படி ஏறியிருப்பதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். ஊர் முதுகுக்குப் பின்னால் பேசியது வேறு. அது காற்றோடு போகும்.

“எழுது” என்றாள். “நீ சொல்லு, நானே எழுதுறேன்.”

“ஆயரு?”

“கேக்கட்டும். துரத்தினாங்கன்னே போடவா?”

“துரத்தினாங்கன்னே போடு. ஃபாதர் அழுதாருன்னும் போடு. அதுவும் நெசம்தான்.”

அறைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே யூடோக்ஸி சொன்னார். மகள் எழுதினாள்.

விழாத் திருப்பலி முடிந்ததும் வெர்லிண்டா வரலாற்றை வாசித்தாள். யூடோக்ஸி முன்வரிசையில் போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு, பக்கவாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நின்றார். எழுபத்திநாலு வந்தது. தலைமையாசிரியை தன் பிறப்பை, கூரைத் தகரத்தைச் சொன்ன அதே குரலில் சொன்னாள். ஐம்பது வருஷமாகத் தெரிந்த விஷயத்தை அன்றுதான் கேள்விப்படுவதுபோலக் கோயில் முழுக்க மூச்சை உள்ளிழுத்தது.