ஐந்து ஒப்படைகள்

முஸ்பிறா பதினான்கு வருடங்களாக ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரிவில் முகாமைத்துவ உதவியாளராக இருந்தாள். காலை ஏழு மணி பஸ்ஸில் சாய்ந்தமருதிலிருந்து போவாள். விளையாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஐயாயிரம் மீற்றர் ஓடுவதற்கு மைதானத்தைப் பன்னிரண்டரைத் தரம் சுற்ற வேண்டும் என்பதையே ஓட்டக்காரி நிலாந்தினி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். ஆனால் எழுத்து அவளுக்குக் கைவந்தது. போட்டிக்குப் போகிறவர்களுக்கான விடுமுறைக் கடிதம், கால் சுளுக்கியவர்களின் மருத்துவப் படிவம், பஸ் கேட்டுப் போகும் கடிதம் எல்லாம் அவள் கையால்தான் போகும். அவள் எழுதிய கடிதம் திரும்பி வந்ததில்லை என்று அந்தப் பிரிவில் ஒரு பேச்சு இருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நிலாந்தினி பாண்டிருப்பில் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பெண். கலைப்பீடத்தில் இரண்டாம் வருடம் படித்தாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளைப் போல ஓடியவர்கள் அதுவரை இல்லை. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், கொழும்புப் பயிற்சி முகாமிலிருந்து நேராக வந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு முஸ்பிறாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"மிஸ், நாலு மணிக்குள்ள சமூகவியல் ஒப்படை குடுக்கணும். கையால எழுதி வச்சிரிக்கன். டைப் பண்ண நேரமில்ல."

புள்ளிக்காக விரிவுரையாளருக்கு எழுதிக் கொடுக்கும் கட்டுரை; மூன்று பக்கங்கள் இருந்தன. முஸ்பிறா தட்டச்சு செய்யத் தொடங்கினாள். சில வசனங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, ஒட்டவைத்தாள். முடிவுரை இல்லை; ஒரு முடிவுரை எழுதினாள். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒப்படை போய்ச் சேர்ந்தது. அன்று பஸ்ஸில் வரும்போது ஒரு நல்ல காரியம் செய்த நிறைவுதான் அவளுக்கு இருந்தது.

இரண்டாவது ஒப்படைக்கு நிலாந்தினி ஒரு பக்கம்தான் எழுதி வந்தாள். மூன்றாவதற்குத் தொலைபேசியில் நான்கு குறிப்புகள் சொன்னாள். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் தலைப்பை மட்டும் அனுப்பினாள். "உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்" என்றாள். முஸ்பிறா நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசித்து எழுதினாள். எந்த இடத்தில் உதவி முடிந்து வேறொன்று தொடங்கியது என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்தும் அவளால் அந்த நாளைச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த தவணையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. விளையாட்டு வீரர்களோடு வேலை செய்யும் ஊழியர் எவரும் அவர்களுடைய ஒப்படையை எழுதவோ, திருத்தவோ, அவர்களுக்காகச் சமர்ப்பிக்கவோ கூடாது. புள்ளி விஷயமாக விரிவுரையாளரிடம் பேசக் கூடாது. அப்படி ஏதும் நடந்தது தெரிந்தால் அறிவிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒரு பிரகடனம் இருந்தது: "இதுவரை நான் அவ்வாறு செய்ததில்லை, இனியும் செய்யமாட்டேன்." அதன் கீழே பெயரும் கையொப்பமும்.

போதனாசிரியர் இன்பாஸ்தான் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு. அவர் வாசிக்காமலே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"வையுங்க முஸ்பிறா. ரெண்டு மணிக்குப் பதிவாளர்ட கந்தோருக்கு அனுப்பணும்."

அவள் "இதுவரை" என்ற சொல்லைப் பார்த்தாள். பேனாவைக் கையில் எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் இன்பாஸ் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். அவள் கையெழுத்து வைத்தாள். பயம் அந்த நிமிடத்தில்தான் அவளுக்குள் வந்து குந்தியது. அதற்குமுன் அவள் செய்ததைத் தவறு என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. இப்போது தவறு என்றும் தெரிந்தது, செய்யவில்லை என்று பொய்யும் எழுதியாயிற்று.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பதிவாளர் கந்தோரின் பழுப்பு உறை வந்தால் அவள் அதைக் கடைசியாகத்தான் திறந்தாள். மேசைத் தொலைபேசி அடித்தால் இரண்டாவது மணி வரைக்கும் கை போகாது.

நான்காவது வாரம் நிலாந்தினி மைதானத்திலிருந்து ஓடிய வேர்வையோடு வந்து கதவைச் சாத்தினாள்.

"மிஸ், ஸகியா மேடம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவ."

ஸகியா சமூகவியல் விரிவுரையாளர். அதிகம் பேசாதவர். மீனவப் பெண்களின் உழைப்பைப் பற்றிய ஐந்தாவது ஒப்படையை வாசிக்கும்போது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. "மேற்படி விடயம் தொடர்பில்" என்று இரண்டு இடத்தில் இருந்ததாம். கந்தோர்க் கடிதத்தில் வரும் சொல் ஒரு மாணவியின் கட்டுரைக்குள் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறார்.

"'உன்ட அம்மா என்ன வேலை செய்யிறா'ண்டு கேட்டவ. மீன் விக்கிறாவெண்டன். 'அப்ப இதுக்குள்ள உன்ட அம்மாவப் பத்தி ஒரு வரியும் இல்லையே'ண்டவ. எனக்கு வாய் வரல்ல மிஸ்."

"மறுகா என்ன சொன்ன நீ?"

"நான்தான் எழுதின எண்டு சொல்லிப்போட்டன். புதன்கிழமை விசாரணையாம். பயப்பிடாதீங்க, உங்கட பேர உசிர் போனாலும் சொல்லமாட்டன்."

முஸ்பிறாவுக்கு நிம்மதி வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பிரிவு முழுக்கக் கதை பரவியது. இன்பாஸ் அவள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நிலாந்தினிக்கு டைப் பண்ணிக் குடுத்த நீங்கதானே? அதுக்கு மேல நான் கேக்கல்ல, எனக்குத் தெரியவும் வேணாம். கம்பியூட்டர்ல கிடக்கிறத அழிச்சிருங்க. ஒண்டுமில்லாட்டி ஒண்டுமில்லதானே. அடுத்த மாசம் போட்டி, இந்த நேரத்தில பிரிவுட பேர் கெடக் கூடாது."

அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டுப் போனார். கட்டடத்தில் வேறு யாருமில்லை. முஸ்பிறா கோப்புறையைத் திறந்தாள். ஐந்து கோப்புகள், ஒவ்வொன்றிலும் திகதி. ஐந்தையும் தெரிவுசெய்து அழித்தாள்.

அழித்தபின் பயம் குறையும் என்றுதான் நினைத்தாள். கூடியது. அந்தப் பெண் எழுதவில்லை என்பதற்கு ஸகியாவிடம் காரணம் இருக்கிறது. யார் எழுதினார்கள் என்பதற்கு இனி உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. வெளியே காசு கொடுத்து வாங்கியதாகச் சொல்வார்கள், களவெடுத்ததாகச் சொல்வார்கள். என்ன சொன்னாலும் அது நிலாந்தினியின் தலையில்தான் விழும். முஸ்பிறா கணினியின் குப்பைக் கூடையைத் திறந்து ஐந்தையும் திரும்ப எடுத்தாள். எடுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று யன்னலால் எட்டிப் பார்த்தாள். மைதானம் வெயிலில் வெறுமையாகக் கிடந்தது.

அன்று அஸர் தொழுதபின் கணவன் அஸ்பாக்கிடம் சொன்னாள். அவனுக்கு மாவடிப்பள்ளியில் வயல். அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டு அப்போதுதான் வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டவன் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டான்.

"யா அல்லாஹ். கையெழுத்தும் வச்சிட்டியா?"

"ஓம்."

"வேலை போயிருமா?"

"போகலாம்."

அவன் செம்பைத் திரும்ப எடுத்து மற்றக் காலைக் கழுவி முடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அந்தப் புள்ளையே உன்ட பேரச் சொல்லமாட்டன் எண்டு சொல்லுது. நீ என்னத்துக்குப் போய்ச் சொல்லப்போறாய்? வாய மூடிட்டு இரி. புதன்கிழமை போகட்டும்."

"அவள் சொல்லாம இரிக்கிறதுதான் எனக்குப் பயமாரிக்கி" என்றாள் முஸ்பிறா.

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் பயம். ஊரில் என்ன கதைப்பார்கள், உயர்தர வகுப்பில் படிக்கும் மகளின் காதில் என்ன விழும் என்று அவன் யோசித்தது அவளுக்குத் தெரியும். அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். சனியும் ஞாயிறும் தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்பது மறந்தது.

திங்கட்கிழமை பத்து மணிபோல ஒரு பெண் கந்தோர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். வெளுத்த நீலச் சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"நிலாந்தினிட அம்மா. சின்னத்தங்கம்."

முஸ்பிறா எழும்பிவிட்டாள். "உள்ளுக்கு வாங்க அக்கா. இரிங்க."

அவள் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். "மிஸ், எனக்கு எழுத வாசிக்கத் தெரியா. புள்ள சொல்லுறாள், தான் எழுதினதுதானாம், ஆனா நம்புறாங்க இல்லையாம். அவள் பொய் சொல்லமாட்டாள் மிஸ். சின்னதில இருந்தே அப்பிடி. நீங்கதான் அவளுக்கு எல்லாக் கடிதமும் எழுதிக் குடுக்கிறதாம். அவளே எழுதின எண்டு உங்கட கையால ஒரு கடிதம் தாங்க. நான் கொண்டுபோய்ப் பெரியவங்கட காலில விழுவன்."

முஸ்பிறா ஒரு தாளை எடுத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்ததுதான். திகதி எழுதினாள். "பீடாதிபதி அவர்களுக்கு" என்று எழுதினாள். அதற்கடுத்த சொல் வரவில்லை. எதிரே சின்னத்தங்கம் அந்தத் தாளில் எழுத்துப் பிறப்பதை வாய் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முஸ்பிறா எதை எழுதிக் கொடுத்தாலும் ஒன்றுதான். மடித்து மார்போடு வைத்துக்கொண்டு போவாள்.

முஸ்பிறா பேனாவை மூடினாள்.

"அக்கா, இந்தக் கடிதத்த நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். நீங்க வீட்ட போங்க."

"நல்லா எழுதுவீங்கதானே மிஸ்?"

"உண்மைய எழுதுறன்."

சின்னத்தங்கம் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடுதான் முஸ்பிறாவால் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் அன்றே எழுதினாள். ஒரு பக்கம்தான். வழக்கமான முகவுரை எதுவும் இல்லை. ஐந்து ஒப்படைகளின் பெயர், திகதி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தன்னுடையது, பிரகடனத்தில் வைத்த கையெழுத்து பொய் என்பது. கோப்புகளையும் பிரதியெடுத்துக்கொண்டாள். கலைப்பீடத்துக்கு மூன்று நிமிட நடை. அதில் இரண்டு தரம் நின்று, ஒரு தரம் வந்த வழியே கிறுகியும் விட்டாள். பீடாதிபதி இல்லை. ஸகியா இருந்தார். நின்றபடியே கடிதத்தை வாசித்தார்.

"உங்களுக்கு என்ன நடக்கும் எண்டு தெரியுமா முஸ்பிறா?"

"தெரியா மேடம். அதுதான் பயமாரிக்கி."

"இத நீங்களாத்தான் எழுதினீங்களா?" என்று கேட்ட ஸகியா, கேட்ட கேள்வியைத் தானே உணர்ந்து சங்கடப்பட்டுக் கதிரையைக் காட்டினார். "இரிங்க. தண்ணி குடிங்க."

புதன்கிழமை குழுவின் முன் முஸ்பிறா நாற்பது நிமிடம் இருந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி இன்பாஸைப் பற்றியது. "எழுதினது அவருக்குத் தெரியாது. அழிக்கச் சொன்னது அவர்தான்" என்றாள். அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

வெளியே நிலாந்தினி நின்றாள். விடயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன் மிஸ் சொன்னீங்க? நான் ஒருத்தியே தாங்கிக்கொண்டிருப்பன். இப்ப அஞ்சும் போச்சு. அவங்களுக்கு ஒண்டுதானே தெரியும்!"

ஐந்தில் ஒன்று மட்டும்தான் குழுவுக்குத் தெரியும் என்பது கடிதம் எழுதும்போது முஸ்பிறாவுக்கு நினைவிலேயே வரவில்லை. பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. அந்த மாதம்தான் அவளுடைய வாழ்க்கையில் மிக நீளமானது. நிலாந்தினிக்கு ஐந்து ஒப்படைகளும் பூச்சியம். மூன்று பாடங்களைத் திரும்பப் படிக்க வேண்டும். ஒரு வருடம் பல்கலைக்கழகத்துக்காக ஓட முடியாது. ஆனால் படிப்பிலிருந்து இடைநிறுத்தவில்லை. ஊழியர் ஒருவர் தொடங்கிவைத்தது என்பதைக் கணக்கில் எடுத்தார்கள். முஸ்பிறாவுக்கு ஆறு மாதப் பணி இடைநிறுத்தம், பதவி உயர்வு இல்லை, திரும்பி வந்தால் வாகனப் பிரிவு. இன்பாஸுக்கு எச்சரிக்கைக் கடிதம். அவர் அதற்குப்பின் அவளோடு கதைத்ததில்லை. போட்டியில் அந்த வருடம் ஐயாயிரம் மீற்றருக்கு அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவரும் ஓடவில்லை.

ஊரில் கதைத்தார்கள். அஸ்பாக் ஒரு வாரம் பள்ளிவாசல் முன்வரிசைக்குப் போகாமல் பின்னால் நின்று தொழுதுவிட்டு வந்தான். அவளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகள் மட்டும் ஒரு நாள், "நீங்க ஏன் உம்மா அவங்களுக்கு எழுதின?" என்று கேட்டாள். "பாவமெண்டு" என்றாள் முஸ்பிறா. அதைச் சொன்னபோதுதான் அது முழுப் பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தன் கையால் போன கடிதம் திரும்பி வந்ததில்லை என்ற அந்தப் பெருமையும் சேர்ந்துதான் எழுதியது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு கல்முனை பஸ் நிலையத்தில் நிலாந்தினியைக் கண்டாள். அவளே வந்து பக்கத்தில் நின்றாள். பட்டம் முடித்துவிட்டாள், முதலாம் இரண்டாம் வகுப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. மீனவப் பெண்களைப் பற்றிய ஒப்படையை இந்தத் தரம் தானே எழுதினாளாம். விடிய அம்மாவோடு கரைக்கு மூன்று நாள் போய்க் கேட்டு எழுதினாளாம்.

"ஸகியா மேடம் சி தான் போட்டவ. வசனம் சரியில்லையாம்."

"கோபம் போயிட்டா?"

"இல்ல மிஸ். அந்த வருஷம் நான் நல்லா ஓடின வருஷம். அது திரும்ப வராது. ஆனா உங்களக் கண்டா ஒளிக்கணும் போல இல்ல."

அவளுடைய பஸ் வந்தது. ஏறிப் போனாள்.

முஸ்பிறா இன்றும் வாகனப் பிரிவில்தான். சாரதிகளின் ஓட்டப் பதிவுகளைச் சரிபார்க்கிறாள். எங்கிருந்தாவது ஒரு சுற்றறிக்கை வந்தால் இரண்டு தரம் வாசித்து, விளங்காததைக் கேட்டு, அதற்குப் பிறகுதான் கையெழுத்து வைப்பாள். சாரதிகள் காத்து நின்று சலித்துக்கொள்வார்கள். அவள் அவசரப்படுவதில்லை.