முழுதாக ஓடிய விளம்பரம்

மாமாவின் கருமகாரியம் முடிந்து பந்தல்காரர் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தார். "அதான் காரியம் முடிஞ்சிருச்சே. மேட்ச் கீது, போடறேன்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழவு வீட்டில் டிவி போடக்கூடாது என்பதால், மாமா இறந்த சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா பிடுங்கிய பிளக்கை யாரும் திரும்பச் செருகவில்லை. மாமா கடைசியாகப் பார்த்தது அந்த செட்டாப் பெட்டிக்குள் அப்படியே இருக்க வேண்டும். ரிமோட்டைப் பறித்தேன். "இன்னாடா, டிவிக்கும் தீட்டா?" என்றார் சித்தப்பா.

அது பதிவு செய்யும் வகைப் பெட்டி. நாம் பொத்தானை அழுத்தாவிட்டாலும், திரையில் ஓடியதில் கடைசி ஒரு மணி நேரத்தைத் தன் ஹார்ட் டிஸ்க்கில் சத்தமில்லாமல் வைத்திருக்கும். மறுபடி மின்சாரம் வந்தால் அதை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். அதன் சொந்த மென்பொருள் விழிக்கும் முன் வேறொரு மென்பொருளைக் கொண்டு எழுப்ப வேண்டும். பொத்தேரி கல்லூரி விடுதியில் பாடத்தைவிட அதிகமாக நான் படித்தது இந்த வித்தையைத்தான்.

அத்தைக்கு ஒரே கேள்வி. அன்று மாமல்லபுரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்த் திரும்பியவர், மாடி ஏறாமல் படியடியில் கீழ்வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டு நின்றுவிட்டார். மேலே போனால் மாமா நாற்காலியில் சாய்ந்திருந்தார். உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார் டாக்டர். அத்தை நம்பவில்லை. "நான் கீழ நின்னுகினு இருக்கசொல்ல உயிர் இருந்திச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுடா."

அடுத்த வாரம், மத்தியான வெளிச்சத்தில், கடற்காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ள, பெட்டியை அப்படி எழுப்பி, மாமா பார்த்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். மாமா விளம்பரம் சகிக்காதவர். முதல் சோப்பு நுரைக்கே கட்டைவிரல் நகர்ந்துவிடும்: செய்தி, கோயில் அபிஷேகம், கிரிக்கெட், மறுபடி பழைய படம். செத்துப்போனவரின் விரல் எங்கள் கண்ணை இழுத்துக்கொண்டு போனது. "இப்ப சாமிக்குப் போவாரு பாரு," என்பார் அத்தை. அங்கேதான் போகும். அத்தை சிரிக்கக்கூடச் செய்தார்.

பிறகு ஒரு பெயிண்ட் விளம்பரம் வந்தது. முழுதாக ஓடியது. அடுத்து பற்பசை, அதுவும். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். யாரும் பார்க்காத படம், விளம்பரம், மறுபடி படம். "நான் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு," என்றார், குரலில் நிம்மதி இருந்தது. வேகமாக ஓட்டவா என்றேன். வேண்டாம் என்றார்.

பதிவு முடியச் சற்று முன்பு, அத்தை கீழே நின்றிருந்த நேரத்தில், சேனல் மாறியது. அத்தை தினமும் பார்க்கும் சீரியல். பிளக் பிடுங்கப்படும் வரை அதுவே ஓடியது.

"கீழ படியாண்ட என் செருப்பு சத்தம் கேட்டா அதுக்கு மாத்தி வெப்பாரு," என்றார் அத்தை.

நினைவூட்டல் வைத்திருந்தால் பெட்டியே அந்த நேரத்துக்குச் சேனலை மாற்றிவிடும். "நீங்க வெச்சீங்களா அத்தை?"

"எனக்கு அந்த ரிமோட்டே புரியாது. அவரு வெச்சாரோ இன்னாவோ."

சேனலை மாற்றியது நினைவூட்டலா ரிமோட்டா என்ற தகவல் வேறொரு சிப்பில் இருக்கும், படித்துச் சொல்கிறேன் என்றேன். அத்தை பெட்டியைத் துணியில் சுற்றி பீரோவில் பூட்டிவிட்டார்.

போன வாரம் தலைத் திவசம் முடிந்தது. இன்று செங்கல்பட்டு பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். "பாத்துடு. பெட்டின்னா பெட்டின்னு சொல்லு. அவருன்னா அவருன்னு சொல்லு. எனக்காக மாத்திச் சொல்லாத."

சிப்பைப் படிக்கும் கம்பிகளைப் பற்றவைத்துவிட்டேன். நாளை காலை அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் திறக்கப்போகிறேன். முதலில் நான் மட்டும் பார்த்தால் பொய் சொல்லிவிடுவேன்.